சார்ஜ் எங்கே போகிறது? விண்வெளி பிளாஸ்மாவை வகுப்பில் நடத்தும் வழி

பிளாஸ்மா பாடத்தை "பருப்பொருளின் நான்காவது நிலை" என்ற வரியோடு தயவுசெய்து தொடங்காதீர்கள். பிள்ளைகள் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போடுவார்கள், அதோடு பாடம் முடிந்துவிடும். திண்மத்தைச் சூடாக்கினால் திரவம், திரவத்தைச் சூடாக்கினால் வாயு, வாயுவையும் சூடாக்கினால் பிளாஸ்மா என்று ஏணி போட்டுக் காட்டினால் பிளாஸ்மா என்பது ரொம்பச் சூடான வாயு என்றுதான் மனதில் நிற்கும். எலக்ட்ரீஷியன் சட்டைப் பையில் இருக்கிற டெஸ்டரின் குட்டி நியான் பல்ப் எரியும்போது உள்ளே இருப்பதும் பிளாஸ்மாதான், ஆனால் அதைக் கையில் பிடிக்கலாம், சுடாது. சூடு என்பது எலக்ட்ரானை அணுவிலிருந்து பிரிக்கும் வழிகளில் ஒன்று, அவ்வளவுதான். பிரிந்த எலக்ட்ரான்களும், அவற்றை இழந்த அணுக்களான அயனிகளும் ஒன்றையொன்று இழுத்துத் தள்ளிக்கொண்டு கூட்டமாக நடந்துகொள்வதில்தான் விஷயமே இருக்கிறது.

அதனால் மின்னூட்டத்தில் இருந்து தொடங்குங்கள். கையில் பிடிக்கிற, பார்க்கிற, சுரீர் என்று விரலில் படுகிற மின்னூட்டம். எல்லா வகுப்புகளுக்கும் ஒரே ஒரு கேள்வியை நூலாக வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் இடத்தில் சார்ஜ் சேர்ந்துவிட்டது, இனி அது எங்கே போகும்? தெர்மாகோலில் தொடங்கி நிலாவின் தூசி வரை இந்த ஒரு கேள்வியே கூட்டிக்கொண்டு போகும்.

முதலில் வானிலையைப் பாருங்கள்

நிலைமின்னியல் சோதனைகள் நம் ஊரில் சொதப்புவதற்கு முக்கியக் காரணம் ஈரப்பதம். பொருளின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிந்துகொண்டு, தேய்த்துச் சேர்த்த சார்ஜை எல்லாம் அதன் வழியாகக் கசியவிட்டுவிடும். நிறைய பள்ளிகளில் இந்தச் சோதனையைக் காலை முதல் பீரியடில் செய்துபார்த்து, வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். காலையில்தான் காற்றில் ஈரப்பதம் மிக அதிகம். உள் மாவட்டங்களில் என்றால் மதியம் 12 மணிக்கு மேல் 3 மணிக்குள் வைத்துக்கொள்ளுங்கள், கடலோர ஊர்களில் கடற்காற்று உள்ளே இறங்குவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், வடகிழக்குப் பருவமழை நாட்களில் இந்தப் பகுதியைத் தொடவே வேண்டாம். பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள், ஆனால் அப்போது பரீட்சை வந்து நிற்கும், அது வேறு கதை. தேய்க்கப்போகும் துணி, தெர்மாகோல், பி.வி.சி குழாய் எல்லாவற்றையும் அரை மணி நேரம் வெயிலில் காயவைத்தாலே பாதி வேலை முடிந்தது. பலூனைத் தலைமுடியில் தேய்க்கும் சோதனை நம் பிள்ளைகளிடம் வராததற்கு இன்னொரு காரணம் தேங்காய் எண்ணெய். எண்ணெய் வைக்காத தலை ஒன்றை வகுப்பில் தேடிப்பிடியுங்கள், அல்லது கம்பளித் துணி கொண்டுவாருங்கள். கம்பளி என்று கடையில் விற்பது பல சமயம் அக்ரிலிக்காக இருக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

தொடக்கத்துக்கு செலோ டேப் போதும். மேசை மேல் ஒரு டேப் துண்டை ஒட்டி அப்படியே விட்டுவிடுங்கள், அது அடித்தளம். அதன் மேல் ஒரு சாண் நீளத்தில் இன்னொரு துண்டை ஒட்டி, வெடுக்கென்று உரித்தெடுங்கள். இதேபோல் இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டால் விலகி ஓடும், இரண்டுக்கும் ஒரே வகை சார்ஜ். அப்புறம் இரண்டு டேப்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடித்தளத்தின் மேல் ஒட்டி, ஜோடியாகவே உரித்து, பசையில்லாத பக்கத்தை விரலால் ஒருமுறை நீவிவிட்டு, பிறகு இரண்டையும் பிரியுங்கள். இப்போது ஒன்றையொன்று இழுக்கும். இங்கே நிறுத்தி, "புதிதாக சார்ஜ் உருவாச்சா, இல்லை ஏற்கெனவே இருந்தது பிரிஞ்சுதா?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். ஜோடியாக இருந்தபோது எதையும் இழுக்காதது, பிரித்தவுடன் இழுக்கிறது என்பதை அவர்களே பார்த்துவிட்டார்கள், கொஞ்ச நேரம் சண்டை போட்டுக்கொள்ளட்டும். பிளாஸ்மா மொத்தத்தில் மின்நடுநிலை கொண்டது, உள்ளே மட்டும் பிரிந்து கிடக்கிறது என்பதைப் பின்னால் சொல்லும்போது இந்த டேப் ஜோடிதான் கைகொடுக்கும்.

பிரியாணி டப்பாவும் நியான் பல்பும்

மொத்தப் பாடத்திலும் நேரம் ஒதுக்கி நிதானமாகச் செய்ய வேண்டிய சோதனை இது. டி.வி. பெட்டியில் வரும் தட்டையான தெர்மாகோல் ஒன்று, ஹோட்டல் பார்சலில் வரும் அலுமினிய டப்பா ஒன்று, எலக்ட்ரிகல் கடையில் ஒரு நியான் இண்டிகேட்டர் பல்ப். இப்போது நிறைய இண்டிகேட்டர்கள் எல்.ஈ.டி.யாக வருகின்றன, அது உதவாது. சின்னக் கண்ணாடிக் குமிழுக்குள் இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டப்பாவின் நடுவில் காய்ந்த பி.வி.சி துண்டு ஒன்றைக் கைப்பிடியாக ஒட்டிவிடுங்கள்.

தெர்மாகோலைக் கம்பளியால் நன்றாகத் தேயுங்கள். அது எதிர் மின்னூட்டம் பெறும். கைப்பிடியைப் பிடித்து டப்பாவை அதன் மேல் வையுங்கள். இப்போது பல்பின் ஒரு கம்பியை விரலில் பிடித்துக்கொண்டு இன்னொரு கம்பியால் டப்பாவைத் தொட்டால் பல்ப் ஒரு கணம் ஆரஞ்சு நிறத்தில் மின்னும். டப்பாவைக் கைப்பிடியால் தூக்கிவிட்டு மறுபடி தொடுங்கள், மறுபடி மின்னும். திரும்ப வைத்துத் தொடலாம், தூக்கித் தொடலாம், தெர்மாகோலை மறுபடி தேய்க்காமலே பலமுறை வரும்.

ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கிவிட்டு, பிள்ளைகளைப் பக்கத்தில் வந்து உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். பல்புக்குள் இரண்டு கம்பியும் ஒளிராது, ஒன்று மட்டும்தான் ஒளிரும். டப்பா தெர்மாகோல் மேல் இருக்கும்போது தொட்டால் டப்பா பக்கத்துக் கம்பி ஒளிரும், தூக்கியபின் தொட்டால் விரல் பக்கத்துக் கம்பி. எலக்ட்ரான்களை வெளியே தள்ளும் கம்பியை, அதாவது எதிர்மின்வாயை ஒட்டித்தான் அந்த ஒளி வரும். முதல் தடவை தெர்மாகோல் விரட்டிய எலக்ட்ரான்கள் டப்பாவிலிருந்து கைக்கு ஓடின, இரண்டாவது தடவை டப்பாவில் பற்றாக்குறை என்பதால் கையிலிருந்து டப்பாவுக்கு ஓடின. சார்ஜ் எங்கே போகிறது என்ற கேள்விக்கு இங்கே கண்ணால் பதில் கிடைக்கிறது. அந்த ஒரு கணத்தில் நியான் அணுக்கள் சில எலக்ட்ரானை இழந்து, வாயு மின்சாரத்தைக் கடத்தும் பொருளாக மாறியதே, அதுதான் பிளாஸ்மா. வகுப்பில் அந்தச் சொல்லை முதல்முறை சொல்ல வேண்டிய இடமும் இதுதான்.

டெஸ்டரைப் பிளக்கில் செருகிக் காட்டும் வேலை மட்டும் வேண்டாம், யாரோ ஒரு பையன் வீட்டில் போய் வெறும் பல்பைச் செருகிப் பார்ப்பான். வீட்டு மின்சாரம் இந்தப் பாடத்துக்குத் தேவையே இல்லை. பள்ளியில் பிளாஸ்மா கோளம் இருந்தால் நல்லது, அதன் பக்கத்தில் ஒரு பழைய டியூப்லைட்டைக் கொண்டுபோனால் கம்பி எதுவும் இணைக்காமலே எரியும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதன் அருகே வரக்கூடாது, அதன் மேல் உலோகப் பொருள் வைக்கக்கூடாது. கோளம் இல்லையென்றாலும் பாடத்துக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை.

பத்தாம் வகுப்புக்கு மேல் என்றால் ஒரு கணக்கும் போட்டுவிடுங்கள். இரண்டு பலூன்களில் தலா 0.1 மைக்ரோகூலும், இடைவெளி 10 செ.மீ. கூலும் விதிப்படி விசை 0.009 நியூட்டன், கிட்டத்தட்ட ஒரு கிராமின் எடை. ஊதிய பலூனே சில கிராம்தான் என்பதால் நூலில் தொங்கும்போது விலகல் கண்ணுக்குத் தெரியும். விலகலை அளந்து, பின்னாலிருந்து கணக்குப்போட்டு சார்ஜைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம்.

விண்வெளியில் ஈரப்பதம் இல்லையே, அப்புறம்?

இந்தக் கேள்வியோடு அடுத்த வகுப்பைத் தொடங்குங்கள். பூமியில் சார்ஜ் கசிவதற்கு ஈரக்காற்று இருக்கிறது, தரை இருக்கிறது. செயற்கைக்கோளுக்கு எர்த் கம்பி எங்கே அடிப்பது? பெரும்பாலான பிள்ளைகள், அங்கே ஒன்றுமில்லாத வெற்றிடம், அதனால் சார்ஜ் சேரவும் சேராது, போகவும் போகாது என்பார்கள். ஒன்றுமில்லாத இடம் இல்லை அது. சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் துகள்களுக்குச் சூரியக் காற்று என்று பெயர். பூமிக்கு அருகில் அதில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5 புரோட்டான்களும் அதே அளவு எலக்ட்ரான்களும் நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டே இருக்கின்றன. நாம் மூச்சுவிடும் காற்றில் அதே கன சென்டிமீட்டரில் 27-க்குப் பின்னால் 18 சுழியம் போட்டால் வரும் எண்ணிக்கையில் மூலக்கூறுகள். 5 எங்கே, அது எங்கே. ஆனாலும் அந்த ஐந்து போதும், ஏனென்றால் அவை மின்னூட்டம் கொண்டவை, தொலைவிலிருந்தே ஒன்றையொன்று உணரும்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட மைதானத்துக்குக் கூட்டிப்போவது நல்லது. சுண்ணாம்பில் ஒரு பெரிய வட்டம் போடுங்கள், அது செயற்கைக்கோள். பாதிப் பேர் எலக்ட்ரான், பாதிப் பேர் புரோட்டான். எலக்ட்ரான்கள் இஷ்டப்பட்ட திசையில் ஓடலாம். புரோட்டான்கள் விரலுக்கு முன் குதிகாலை வைத்து அடிமேல் அடிதான் வைக்கவேண்டும். ஒரே வெப்பநிலையில் எலக்ட்ரான் புரோட்டானைவிடச் சுமார் 43 மடங்கு வேகம், எடை 1836-இல் ஒரு பங்குதானே, அதன் வர்க்கமூலம்தான் அந்த 43. வட்டத்தைத் தொட்டவர்கள் உள்ளேயே நிற்க வேண்டும். அரை நிமிடத்தில் விசில் அடித்து எண்ணுங்கள், உள்ளே எலக்ட்ரான்கள் குவிந்திருக்கும். மின்நடுநிலையான கூட்டத்துக்கு நடுவில் நிற்கும் பொருள் ஏன் எதிர் மின்னூட்டம் பெறுகிறது என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்த சுற்றில் விதியை மாற்றுங்கள். உள்ளே எலக்ட்ரான்கள் ஐந்து அதிகமாகிவிட்டால், புதிதாக வரும் எலக்ட்ரான் நாணயம் சுண்டித் தலை விழுந்தால்தான் உள்ளே போகலாம், பத்து அதிகமானால் அடுத்தடுத்து இரண்டு தலை விழவேண்டும். கொஞ்ச நேரத்தில் வரத்து குறைந்து, எலக்ட்ரானும் புரோட்டானும் சம வேகத்தில் உள்ளே வரும் நிலை ஒன்று தானாக அமையும். பொருளின் மின்னழுத்தம் நிலைகொள்வது இப்படித்தான். மூன்றாவது சுற்றில் நீங்களே சூரியன். விசில் அடிக்கும்போதெல்லாம் வட்டத்தின் வெயில் பக்கப் பாதியிலிருந்து மூன்று எலக்ட்ரான்கள் வெளியே ஓட வேண்டும். புற ஊதா ஒளி பட்டால் பரப்பிலிருந்து எலக்ட்ரான்கள் கிளம்பிவிடும், பாடப்புத்தகத்தில் ஒளிமின் விளைவு என்று தனியாகக் கிடக்கிறதே, அதேதான். விசிலை வேகமாக அடித்தால் வட்டம் நேர் மின்னூட்டத்துக்கே போய்விடும். சூரியக் காற்றில் வெயிலில் நிற்கும் விண்கலம் சில வோல்ட் நேர் மின்னழுத்தத்தில் இருப்பது இதனால்தான். கடைசியில் விசிலை நிறுத்தி, கிரகணம் என்று அறிவியுங்கள். மீண்டும் எலக்ட்ரான்கள் குவியும்.

இதற்குப் பிறகு உண்மைக் கதைகளைச் சொன்னால் பிள்ளைகள் நீங்கள் முடிப்பதற்குள் பதில் சொல்வார்கள். 1975-76-இல் இந்தியக் கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடங்களை ஒளிபரப்பிய ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போகும்போது ஆயிரக்கணக்கான வோல்ட் எதிர் மின்னழுத்தத்துக்குப் போனது பதிவாகியிருக்கிறது. அது சுற்றிய உயரத்தில் எலக்ட்ரான்களின் ஆற்றல் அதிகம், வெயிலும் இல்லை, தள்ளிவிட ஆள் இல்லை. முழுக்கலமும் ஒரே அளவில் சார்ஜ் ஆனால்கூடப் பெரிய பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் வெயிலிலும் மறுபக்கம் நிழலிலும் இருந்து, இரண்டு பகுதிகளுக்கு நடுவே வேறுபாடு ஏறி, பொறி பறந்தால்தான் ஆபத்து. டப்பாவைத் தொட்டபோது பல்பில் மின்னிய அதே பொறி, சர்க்யூட்டுக்குள். 1994 ஜனவரியில் கனடாவின் அனிக் ஈ1, ஈ2 இரண்டும் ஒரே நாளில் தடுமாறின, அதிவேக எலக்ட்ரான்கள் உள்ளே வரை புகுந்து சார்ஜ் சேர்த்ததே காரணம். 2010 ஏப்ரலில் கேலக்ஸி 15 செயற்கைக்கோள் கட்டளையை ஏற்காமல், ஒளிபரப்பை மட்டும் நிறுத்தாமல், மாதக்கணக்கில் தன்பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. அதற்கும் மின்னிறக்கமே காரணமாகக் கருதப்படுகிறது.

சர்வதேச விண்வெளி நிலையத்தில் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாடு பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். அதன் சூரியத் தகடுகள் 160 வோல்ட்டில் இயங்குவதால் நிலையத்தின் உடல் சுற்றியுள்ள பிளாஸ்மாவைவிட மிக எதிர் அழுத்தத்துக்குப் போகக்கூடும், விண்வெளி நடை போகிறவருக்கு அது ஆபத்து. அதனால் செனான் வாயுவைப் பிளாஸ்மாவாக்கி வெளியே விடும் கருவி ஒன்று இருக்கிறது, கூடுதல் எலக்ட்ரான்கள் அதன் வழியாக வெளியேறிவிடும். எர்த் கம்பி எங்கே என்று கேட்ட பையனுக்கு இதுதான் பதில்: பிளாஸ்மாவையே எர்த் ஆக்கிவிட்டார்கள்.

நிலாவின் தூசி

இதைத் தனி வகுப்பாக வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் மைதான வகுப்பின் பின்பாதியிலேயே முடித்துவிடலாம். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் தெர்மாகோல் மணிகளைப் போட்டுக் குலுக்கினால் சுவரில் ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் விழாது. நிலாவில் காற்றும் இல்லை, ஈரமும் இல்லை. பகல் பக்கத்தில் புற ஊதா ஒளி எலக்ட்ரான்களைக் கிளப்பிவிடுவதால் தரை சில வோல்ட் நேர், இரவுப் பக்கத்தில் எலக்ட்ரான்கள் குவிந்து நூறு வோல்ட்டுக்கும் மேல் எதிர். மைதானத்து வட்டத்தின் இரண்டு பாதிகள்தான் இவை, பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அப்போலோ வீரர்களின் உடையில் தூசி விடாப்பிடியாக ஒட்டியதற்கு மின்னூட்டமும் காரணம், அரிக்கப்படாத கூர்முனைத் துகள்களும் காரணம். அப்போலோ 17-இன் ஹாரிசன் ஸ்மிட்டுக்கு அந்தத் தூசியால் மூக்கடைப்பே வந்தது. 1968-இல் சர்வேயர் 7 விண்கலம் சூரியன் மறைந்தபின் நிலா அடிவானத்தில் மங்கலான ஒளியைப் படமெடுத்தது, மின்விசையால் மேலெழும்பிய தூசி ஒளியைச் சிதறடித்ததாக விளக்கினார்கள். 2025 மார்ச்சில் புளூ கோஸ்ட் தரையிறங்கியில் வைத்து நாசா சோதித்த தூசிக் கவசம் மாறும் மின்புலத்தால் தூசியைத் தள்ளிவிட்டது.

டான் பெட்டிட் என்ற விண்வெளி வீரரின் காணொளி ஒன்றைக் கட்டாயம் காட்டுங்கள். 2012-இல் விண்வெளி நிலையத்தில் பிளாஸ்டிக் பின்னல் ஊசியைத் தேய்த்து சார்ஜ் ஏற்றி, பக்கத்தில் நீர்த்துளிகளை விட்டார். துளிகள் ஊசியைச் சுற்றிச் சுற்றி வரும். படத்தை இடையில் நிறுத்தி, இழுக்கிறதே, ஏன் நேராகப் போய் ஒட்டவில்லை என்று கேளுங்கள். துளிக்கு ஏற்கெனவே பக்கவாட்டு வேகம் இருந்தது என்று யாராவது சொன்னால், கோள்கள் சூரியனைச் சுற்றுவதையும் சேர்த்தே புரிந்துகொண்டார்கள் என்று அர்த்தம். இவரே 2003-இல் பைக்குள் உப்பு, சர்க்கரை போன்றவற்றைக் குலுக்கிவிட்டுப் பார்த்தபோது துகள்கள் நொடிகளில் கட்டிகட்டியாகச் சேர்ந்தன. கோள்கள் உருவான தொடக்கத்தில் தூசி எப்படி ஒன்றுசேர்ந்திருக்கும் என்பதற்கு அது ஒரு துப்பு.

நிஜமான எண்களோடு வேலை

சூரியக் காற்று என்ற கருத்து வந்த கதையில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. 1958-இல் இயற்பியலாளர் யூஜின் பார்க்கர் சூரியனிலிருந்து துகள்கள் ஓயாமல் வீசுகின்றன என்று எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேரும் நிராகரித்தார்கள். ஆய்விதழின் ஆசிரியராக இருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அந்தக் கருத்தில் உடன்பாடில்லை, ஆனால் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை, அதனால் வெளியிட்டார். 1962-இல் மாரினர் 2 விண்கலம் அளந்து உறுதிசெய்தது. பிடிக்காத கருத்தையும் கணக்குச் சரியென்றால் அச்சேற்றினார் என்பதை அழுத்தியே சொல்லுங்கள்.

அடுத்து வீட்டுவேலை. அமெரிக்காவின் நோவா விண்வெளி வானிலை மையத்தின் இணையதளத்தில் சூரியக் காற்றின் வேகமும் அடர்த்தியும் உடனுக்குடன் வரும். இரண்டு வாரம் தினமும் ஒரே நேரத்தில் குறித்துவரச் சொல்லுங்கள். அந்த அளவு எடுக்கப்படுவது எல்-1 புள்ளியில், பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கி.மீ. தொலைவில். நம் ஆதித்யா-எல்1 2024 ஜனவரி 6 முதல் அந்தப் புள்ளியைத்தான் சுற்றிவருகிறது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். நொடிக்கு 400 கி.மீ. என்றால் அங்கிருந்து பூமிக்கு வர எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். சூரியனிலிருந்து என்றால் நான்கு நாளுக்கு மேல். வேகம் திடீரென்று 700, 800 என்று ஏறிய நாளில் வகுப்பில் தானாகப் பேச்சு வரும். 2024 மே 10, 11 தேதிகளில் வந்த பெரும் காந்தப்புயலில் லடாக்கின் ஹன்லேயில் வானில் சிவப்பு ஒளி தெரிந்ததைப் படத்தோடு காட்டலாம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மட்டும் டிபை நீளம் சொல்லிக்கொடுங்கள். பிளாஸ்மாவில் ஒரு சார்ஜை வைத்தால் எதிர்வகைத் துகள்கள் சூழ்ந்துகொண்டு அதன் செல்வாக்கை மறைத்துவிடும், அந்த மறைப்பு தொடங்கும் தூரம்தான் அது. சூரியக் காற்றில் சுமார் 10 மீட்டர். அந்த ஆரத்தில் ஒரு கோளம் போட்டு உள்ளே எத்தனை எலக்ட்ரான் என்று கணக்கிடச் சொல்லுங்கள், இரண்டாயிரம் கோடிக்கு மேல் வரும். கன சென்டிமீட்டருக்கு ஐந்தே ஐந்துதான், இதைப் போய்க் கூட்டம் என்கிறீர்களே சார் என்று யாராவது முணுமுணுத்திருந்தால் இந்த விடையைப் பார்த்துவிட்டு அடங்கிவிடுவார்கள். கீழ் வகுப்புகளுக்கு இது வேண்டாம், குழப்பும்.

தேர்வில் "பிளாஸ்மா வரையறு" என்று இரண்டு மதிப்பெண்ணுக்குக் கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இப்படிக் கேளுங்கள்: ஒரு செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போய், ஒரு மணி நேரம் கழித்து வெயிலுக்கு வருகிறது, அதன் மின்னழுத்தம் எப்படி மாறும், ஏன்? எலக்ட்ரான்கள் வேகமானவை என்பது ஒரு மதிப்பெண், நிழலில் ஒளிமின் விளைவு இல்லை என்பது ஒன்று, எதிர் அழுத்தம் ஏறஏற வரத்து குறைந்து நிலைகொள்ளும் என்பது ஒன்று, வெயிலில் முன்பக்கமும் பின்பக்கமும் வேறுபடும் என்று எழுதினால் முழு மதிப்பெண்ணும் கொடுத்துவிடலாம். மைதானத்தில் ஓடிய பிள்ளை, வட்டம் போட்டுப் படம் வரைந்தே எழுதியிருந்தாலும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.